பூட்டை உடைத்த கன்னியம்மாள் அக்கா

பெருமாள் அண்ணன் எனக்கு ஃபோன் செய்வது அபூர்வம். போன மாதம் இருங்காட்டுக்கோட்டையில் டீ பிரேக்கில் நின்றிருந்தபோது அழைத்தார். "முருகேசா, நம்ம கன்னிம்மா போயிடுச்சிப்பா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள…" டீயை அப்படியே வைத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரகடத்துக்குப் பின்னால் உள்ள அந்த ஊரில் கன்னியம்மாள் அக்காவின் வரிசை வீடுகளில் குடியிருந்த உங்களுக்கெல்லாம் அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கம்பெனிக்குப் போனபின் ஆறு அறைகள் கட்டி, தென்மாவட்டத்துப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கறாரானவர். குழாயைத் திறந்து போட்டுவிட்டு எவனாவது ஃபோன் பேசினால் மோட்டாரையே நிறுத்திவிடுவார். சங்கரன்கோவிலிலிருந்து வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டாலே பயம்.

ஒரு சித்திரை மாதப் பகலில் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுச் சரிவில் காய்ந்த புல்லும் முள்புதரும் பற்றிக்கொண்டன. நான் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன். உடன் தங்கியிருந்த இசக்கி, என் தூக்கம் கலையக் கூடாதென்று கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தான். நாங்கள் எல்லோருமே அப்படிச் செய்பவர்கள்தான். அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டு என் அறையைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. நான் கண் விழித்தபோது அம்மிக் குழவியால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்து வாடா! வூட்ட சுத்திப் பொகையா கீது, இன்னா தூக்கம் தூங்குற!"

கையைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்துப் போனார். அவருடைய கட்டைவிரல் நசுங்கி ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்ததை வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

தீயணைப்பு வண்டிகள் வந்து மாலைக்குள் நெருப்பை அடக்கிவிட்டன. வீடுகள் தப்பின. ஆனால் சரிவின் ஓரத்தில் இருந்த பெருமாள் அண்ணனின் ஆட்டுப்பட்டியும் வைக்கோல் போரும் சாம்பலாகிவிட்டன. இரண்டு குட்டிகள் செத்துப்போயின. அவர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் ஊரே நின்றது.

"இந்த ரூம் பசங்கதான் சிகரெட்ட புடிச்சிட்டுத் தூக்கிப் போட்டானுங்க. மொதல்ல இவனுங்கள காலி பண்ணு, கன்னிம்மா!"

எங்களில் சிலர் பையைக் கட்டவே ஆரம்பித்துவிட்டோம். அக்கா கட்டுப் போட்ட விரலோடு படியில் நின்றார். "யாரு பத்த வெச்சான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இவனுங்கள தொரத்திட்டா அடுத்த வெயில்ல புல்லு எரியாதா? உனக்குப் பட்டி கட்டணும். அதுக்கு ஆளு வேணுமா, வேணாமா, அதச் சொல்லு."

அண்ணன் திரும்பிப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களை அழைத்துக்கொண்டு எரிந்த பட்டி இருந்த இடத்துக்குப் போனார். பழைய சாமான் கடையில், கம்பெனிகள் கழித்துப் போட்ட பேக்கிங் மரப்பலகைகள் கிடைத்தன. அண்ணன் கட்டிலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இசக்கி ஆணி அடித்த லட்சணத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"டேய், அப்படி அடிச்சா ஆடு முட்டியே பேத்துடும்டா!"

"அப்பம் நீங்களே காட்டிக் குடுங்க அண்ணாச்சி," என்று இசக்கி சுத்தியலை நீட்டினான். அவர் எழுந்து வந்தார். மதியம் அவர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் கூழ் வந்தது. பலகைகளில் மேல் பக்கம் எது என்று காட்ட அச்சடித்திருந்த அம்புக்குறிகள் பட்டி முழுக்கத் தலைகீழாக நின்றன. அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தார்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். குன்றுக்கும் வீடுகளுக்கும் நடுவில், வண்டி போகும் அகலத்துக்குப் புல்லையும் முள்ளையும் வெட்டி வெறும் மண்ணாக வைத்திருக்கும்படி அவர்கள் சொன்னார்கள். ஊர்க்காரர்களும் நாங்களும் சேர்ந்து வெட்டினோம். ஓ.டி. வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தவனுக்கு அன்று குளிக்கத் தண்ணீர் வரவில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டவே கூடாது என்றார். ஒவ்வொரு அறைக்கும் இன்னொரு சாவி அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

அடுத்த கோடையிலும் சரிவில் தீப்பிடித்தது. வெட்டிய மண்வரை வந்தது, அதற்கு மேல் தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டது. தாண்டி விழுந்த பொறிகளைப் பெருமாள் அண்ணனும் நாங்களும் ஈரச் சாக்கால் அடித்து அணைத்தோம். தீயணைப்பு வண்டி வந்தபோது புகைதான் மிச்சம். இறங்கி வந்த அதிகாரி, "யாரும்மா இத வெட்டினது?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ப் பசங்க சார்," என்றார் அக்கா, எங்களைக் காட்டி. பெருமாள் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்று தலையாட்டினார்.

போன மாதம் அக்காவைத் தூக்கிச் சென்றபோது ஒரு பக்கம் பெருமாள் அண்ணனும் மறுபக்கம், வாலாஜாபாத்திலிருந்து ஓடி வந்த இசக்கியும் தோள் கொடுத்தார்கள். இப்போது அங்கே குடியிருக்கும் பையன்கள், எனக்கு முகம்கூடத் தெரியாதவர்கள், முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

பூட்டைப் பார்த்துவிட்டு ஆளில்லை என்று திரும்பிப் போகாத அந்த மனசைத்தான் நான் அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நான் குடியிருக்கும் குன்றத்தூருக்குத் திரும்பிய சில நாட்களில் எதிர் வீட்டிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவர்களோடு எங்களுக்குப் பேச்சுப் பழக்கம் இல்லை. மணியை அழுத்தினேன், திறக்கவில்லை. "யாரும் இல்ல போல, வந்துருங்க," என்றாள் எங்கள் வாசலில் நின்ற என் மனைவி. நான் இரண்டு கைகளாலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அசந்து தூங்கிப்போன ஒரு பெண், எரிச்சலோடு கதவைத் திறந்தார்.

"யாருங்க நீங்க?"

"எதிர் வூடுங்க," என்றேன். "உள்ள ஏதோ தீயுது, பாருங்க."

அவர் உள்ளே ஓடினார். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தவர், கதவை முழுவதுமாகத் திறந்து, "உள்ள வாங்கண்ணா. அவங்களையும் கூப்பிடுங்க," என்றார்.