இட்லித்தட்டு கிட்டார்

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அவருடைய கிட்டாரில் பிக்அப்பை இடம் மாற்றியது. ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை.

பிக்அப் என்பது கம்பிகளுக்குக் கீழே வைக்கும் சின்னக் காந்தக் கட்டை. கம்பி அதிர்ந்தால் அதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். சரியான இடத்தில் வைத்தால் பாட்டு வரும். தப்பான இடத்தில் வைத்தால் ஊளை வரும். அப்பாவுக்கு ஊளை வந்திருந்தது, அதுவும் கோயில் கொடைத் திருவிழாவில்.

அப்பா பெயர் காசிலிங்கம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, சோப்பு, கயிறு எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரம். கேப்டன்களிடம் அவர் பேசும் இங்கிலீஷ் தனி. “குட் ஆனியன் சார், நோ அழுகல்” என்பார். அவர்களுக்குப் புரியும். அப்படிப் புரிந்துகொண்ட ஒரு பிலிப்பைன்ஸ் கப்பல் சமையல்காரர், வேலை முடிந்து விமானத்தில் ஊருக்குத் திரும்பும்போது, தூக்கிப்போக முடியாமல் தன் கிட்டாரை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அது ரெசனேட்டர் கிட்டார். வயிற்றுக்குள் அலுமினியக் கூம்பு ஒன்று இருக்கும். சத்தத்தைப் பெரிதாக்குவது அதுதான். கூம்புக்கு மேல் வட்டமாக ஒரு உலோக மூடி, மூடி முழுக்கத் துளைகள். அம்மா முதல்நாள் பார்த்துவிட்டு, “இட்லித்தட்ட எதுக்கு இதுல பதிச்சிருக்கான்?” என்று கேட்டாள். தெருவுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போனது.

மடியில் படுக்கவைத்து, கம்பிகள் மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்க அவரே பழகிக்கொண்டார். சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு. நாதஸ்வரத்தில் வரும் இழுப்பு இதிலும் வருகிறது என்பார். பாதி உண்மை.

போன வருஷம் உடன்குடிக்குத் தெற்கே எங்கள் சொந்த ஊர்க் கொடையில் வாசிக்க உட்கார்ந்தார். பிக்அப்பை அந்த மூடி மேலேயே ஒட்டியிருந்தார். மூடிதான் அதிகம் அதிர்கிற இடம். மைக்செட்காரர் பேச்சிராஜா சத்தத்தைக் கூட்டியதும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. அதைக் கேட்டு, சாமியாடி முத்துச்செல்வத்துக்கு அருள் வந்துவிட்டது. நள்ளிரவுப் பூஜைக்கு ஆட வேண்டியவர், சாயங்காலமே வேட்டியை இறுக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடி நாலு பேர் ஓடினார்கள். அப்பா பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

வருஷம் முழுக்க அவரைக் கண்டால், “அண்ணாச்சி, இட்லி வெந்துட்டா?” என்று கேட்டார் பேச்சிராஜா.

இந்த வருஷம் கமிட்டித் தலைவர் தாணுலிங்கம் மாமா கறாராகச் சொல்லிவிட்டார். “ஒரே பாட்டு. ஒரு ஊளை கேட்டாலும் ஒயரப் புடுங்கிருவோம். அதுக்கப்புறம் எந்தக் கொடையிலயும் நீரு கிட்டாரத் தூக்கப்பிடாது.”

அதனால்தான் அப்பா, மகளான என்னைக் கோயம்புத்தூரிலிருந்து வரச்சொன்னார். அங்கே ஒரு பம்பு கம்பெனியில் அதிர்வு அளப்பது என் வேலை.

கிட்டாரைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தோம். கழுத்து மேற்கே, இட்லித்தட்டு கிழக்கே. பிக்அப்பை மூடியிலிருந்து உரித்து, கழுத்து முடியும் இடத்தில் மரத்தின் மேல் ஒட்டினேன். ஊளை நின்றது. ஆனால் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

“வாயில துணியக் கட்டிக்கிட்டுப் பாடுத மாதிரி இருக்கு. கிழக்க தள்ளு.”

அப்பாவுக்கு இடது வலது கிடையாது. தட்டில் இருக்கும் வடையைக்கூட ‘தெக்க இருக்கத எடு’ என்பார்.

கிழக்கே தள்ளினேன். மூடியின் விளிம்பை ஒட்டியதும் மறுபடி ஊளை.

“அப்பா, மேக்கதான் வரணும்.”

“ஒனக்குப் படிப்பு இருக்கு. காது எனக்கு இருக்கு. கிழக்கதான் சத்தம் தெளிவா வருது.”

“ஊளையும் தெளிவா வருதே.”

“ஏளா, எதுத்துப் பேசாத.”

இதற்குள் அம்மா சோற்றுப்பானையோடு வந்து, “ரெண்டு பேரும் எந்திரிங்க, மேசை சாப்பிடதுக்கு” என்று கிட்டாரைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். பிக்அப் மூடியை ஒட்டியபடியே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து கம்பியைத் தட்டினேன்.

“கிழக்க தள்ளு.”

தள்ளினேன்.

“இன்னும் கொஞ்சம் கிழக்க.”

தள்ளினேன். ஸ்பீக்கரைக் கூட்டினேன். ஊளை இல்லை. சத்தம் நல்லெண்ணெய் மாதிரி இறங்கியது.

“இதான்! நிறுத்து. கிழக்கதான்னு நான் சொன்னேன்லா? கோயம்புத்தூர்ல போய் என்னத்தப் படிச்சியோ.” அப்படியே கண்ணைத் திறந்தவர் கட்டிலைப் பார்த்தார். எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிக்அப் மூடியிலிருந்து விலகி, கழுத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருந்தது.

“ஏளா, என்ன செஞ்ச? கழுத்துப் பக்கமாலா வந்திருக்கு!”

“நீங்க சொன்ன கிழக்குதான்ப்பா.”

அம்மா கிட்டாரைத் திருப்பிப் போட்டிருந்தாள். இப்போது கழுத்து கிழக்கே இருந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“கிழக்கு இருந்த எடத்துலதான் இருக்கு. ஒங்க அம்மாதான் இட்லிச்சட்டியத் திருப்பிட்டா” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தார். கழுத்துப் பக்கம் தள்ளலாம் என்று நான் சொல்லியிருந்தால் கடைசிவரை அவர் சம்மதித்திருக்க மாட்டார். அந்த இடத்திலேயே திருகாணி போட்டு முடுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை கொடையில் அப்பா வாசித்தார். நான் பேச்சிராஜா பக்கத்தில், ஒயருக்குக் காவலாக நின்றேன். முத்துச்செல்வம் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பாட்டு முழுக்க ஸ்பீக்கரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் இடத்தில் அப்பா நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். தாணுலிங்கம் மாமாவின் கை ஒயர்ப் பக்கம் போனது. இழுப்பு வழுக்கிக்கொண்டே போய் அழகாக இறங்கியது. மாமா அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

பாட்டு முழுசாக முடிந்தது.

“அண்ணாச்சி, இட்லி வெந்துட்டு” என்று பேச்சிராஜா மைக்கிலேயே சொன்னார். கூட்டம் கை தட்டியது. அப்பா எழுந்து நின்று, கப்பல் கேப்டனுக்கு வைப்பதுபோல ஒரு சல்யூட் வைத்தார்.

மேடையை விட்டு இறங்கும்போது ஓர் அம்மா வந்து பேசினார். பெயர் ஈவாஞ்சலின், பக்கத்தில் உள்ள நாசரேத் ஊரில் டீச்சர். கூட வேலை பார்ப்பவர்கள் அழைத்துக் கொடைக்கு வந்தவர். அவர்கள் தேவாலயப் பாடகர் குழுவில் உள்ள கிட்டாருக்கும் இதே வியாதியாம்.

“பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவுலகூட ஒருக்கா ஊளையிட்டுட்டு அண்ணாச்சி. நீங்க வந்து பாக்க முடியுமா?”

அப்பா என்னைக் கேட்கவில்லை. “பிக்அப்பதான் தள்ளி வைக்கணும் டீச்சர். வார ஞாயித்துக்கிழம ஆராதன முடியவும் வாரேன்” என்றார். காரில் வரும்போது அம்மாவிடம், “ஊர்ல நாந்தான் ஊளை டாக்டர்” என்றார்.

வியாழக்கிழமை காலை, கடையில் கப்பலுக்கு வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய போன் அடித்தது. ஈவாஞ்சலின் டீச்சர். ஆராதனை முடிந்துவிட்டதாம், கிட்டாரை வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கிறார்களாம், அண்ணாச்சி பஸ் ஏறிவிட்டாரா என்று கேட்டார்.