இடது கால் சாம்பிள்

என் தம்பியைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் யாரும் அவன் மொட்டை மாடியில் பேசிக் கேட்டதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் டிசைனராக இருந்தான். சாயங்காலம் வந்ததும் மாடிக்கு ஏறுவான். கஞ்சாவை உருட்டிப் பற்றவைத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்துவிடுவான். நாட்றம்பள்ளிப் பக்கம் ரோட்டோரமாக நிலம் பார்த்தாகிவிடும். ஏலகிரி மேலே ஷோரூம் திறந்துவிடும். இத்தாலிக்காரன் வந்து கைகட்டி நிற்பான். மறுநாள் காலையில் அத்தனையும் இழுத்து மூடப்பட்டு, முதலாளி போர்வைக்குள் கிடப்பார்.

தலைமாட்டில் போன் மட்டும் விழித்திருக்கும். ஜெயிக்க வேண்டுமானால் விடியற்காலையில் எழுந்திரு என்று அதில் யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். தன்னம்பிக்கை வீடியோ ஓடாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

கம்பெனியில் லீவு ஜாஸ்தியாகி, வராதே என்று சொல்லிவிட்டார்கள். தான் பிரேக் எடுத்திருப்பதாக இவன் தெருவில் சொன்னான். நாங்கள் போகும் சர்ச்சில், சோம்பலின் ஆவியைக் கட்டி ஜெபிக்கிறோம், அழைத்து வாருங்கள் என்றார்கள். கட்டுவதற்கு ஆள் எழுந்து வர வேண்டுமே.

கஞ்சாதான் ஊக்கத்தை உறிஞ்சிவிடுகிறது என்றார் எனக்குத் தெரிந்த ஒரு கவுன்சலர். ஊக்கமில்லாதவன்தான் கஞ்சாவைத் தேடிப் போகிறான் என்றார் எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் ஒரு சயின்ஸ் டீச்சர். எது முதலில் வந்ததோ எனக்குத் தெரியாது. அம்மாவின் வலது கால் செருப்பு மட்டும் இரண்டுக்கும் பின்னால் வரிசையில் நின்றது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வலது பாதம் மரத்துவிட்டது, முள் குத்தினால்கூடத் தெரியாது. மெத்தென்ற எம்.சி.ஆர் ரப்பர் வைத்த செருப்புதான் போட வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். வேலூரில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் அதையே சொல்லி நோயாளிகளைத் திட்டியவள். நான் கடையில் வாங்கி வருகிறேன் என்றதும் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரி செருப்பாக்கா? நான் எதுக்கு இருக்கறேன்? செஞ்சிட்றேன்.”

அன்றைக்கே அம்மாவை அட்டைமேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் வரைந்தான். அந்த வாரமே இடது கால் வந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு செருப்பை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. மெத்தென்ற தோல், உறுத்தாத தையல், ஐந்து விரலும் உட்கார ரப்பரில் தனித்தனியாக ஐந்து குழி. அம்மா ஒரு காலில் அதையும் மறு காலில் பழைய ரப்பர் செருப்பையும் போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

ஷூ கம்பெனியில் சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான். அதை ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கு அனுப்பி, அவர் ஓகே சொன்ன பிறகுதான் ஜோடியாகச் செய்வார்கள். ஜோடி செய்வது வேறு செக்‌ஷன். ஓகே வாங்கியதோடு சாம்பிள் செக்‌ஷன்காரன் வேலை முடிந்தது, அடுத்த டிசைனுக்குப் போய்விடுவான். என் தம்பியும் போய்விட்டான். எங்கள் வீட்டில் வேறு செக்‌ஷன் கிடையாது.

வலது கால் எங்கே என்று கேட்டால், மூடு வரணும்க்கா, பேஜார் பண்ணாத என்பான். மூடு வருவதற்காக மாடிக்குப் போவான். மூடும் வரும். நாட்டிலுள்ள சர்க்கரைக்காரர்களின் பாதத்தையெல்லாம் காப்பாற்றப் பெரிய திட்டம் போடுவான். மாடியில் அத்தனை பேருடைய காலும் பிழைத்துக்கொண்டிருக்க, கீழே அம்மா தேய்ந்த ரப்பர் செருப்போடு கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்து காலடியில் வைத்தேன். அம்மா அதை டப்பாவோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நர்ஸாக இருந்தவள் செய்கிற காரியமா இது என்று கத்தினேன்.

“நான் இத போட்டுக்கினா, நீ செய்ய மாட்டடான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும்” என்றாள்.

கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் விரல் பிழைத்திருக்கும். சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, வேலூருக்குக் கொண்டுபோனோம். வலது கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

தம்பி வார்டு வாசலோடு திரும்பிப் போனான். மாடிக்குத்தான் போயிருப்பான் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் கையில் ஒரு துணிப்பையோடு வந்தான். கண் தெளிவாக இருந்தது, விரலெல்லாம் பசை. பையிலிருந்து வலது கால் செருப்பை எடுத்தான். ஒரே பகலில் செய்திருக்கிறான், பாவி. இடது காலுக்குக் கொஞ்சமும் குறையாத வேலை. பழைய அட்டையை வைத்துத்தான் வெட்டியிருந்தான். ஐந்து குழியும் இருந்தன.

அம்மா அதை வாங்கி மடியில் வைத்து, கட்டைவிரலுக்கான முதல் குழியைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் தம்பி அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தான். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவனைக் கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

“நல்லாதான்டா செஞ்சிருக்கற” என்றாள் அம்மா. “இது சாம்பிளா இருக்கட்டும். கட்டு பிரிச்சதும் புதுசா அளவு எடுத்துக்கோ.”

“செஞ்சிட்றேம்மா” என்றான்.

மறுநாள் நான் வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த டப்பாவைக் கொண்டுவந்தேன். கட்டுப் பிரித்ததும் இதைத்தான் போட வேண்டும் என்றேன். அம்மா இந்தத் தடவை மறுக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“போட்டுக்கறேன். அவன் கண்ணுல படாம வைம்மா.”