அடுத்த வருஷக் கப்பல்

1948-ஆம் வருஷம் ஜூலை 20, செவ்வாய்க்கிழமை, நோன்பு வைத்த வாயால் நான் ஒரு பொய் சொன்னேன். சகோதரர்களே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை அந்தப் பொய்யிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

அந்த வருஷம் மார்ச் கடைசியில், யுத்த காலத்தில் திறந்த எங்கள் ஆபீசை மூடிவிட்டார்கள். ஏழு வருஷத்து குமாஸ்தா வேலை போயிற்று. ஆனால் அதற்கு முன்பே, பிப்ரவரியில், அம்மாவுக்கும் எனக்கும் ஹஜ் கப்பலில் இடம் பதிவாகியிருந்தது. அம்மா தன் வளையல்களை விற்று வாங்கிய இடம். அத்தா காலமாகிவிட்டார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. ஒரு பெண் ஹஜ்ஜுக்குப் போகக் கணவனோ மகனோ போன்ற நெருங்கிய ஆண் துணை வேண்டும் என்பது நாம் எல்லோரும் அறிந்தது. நான் போகாவிட்டால் அம்மாவும் போக முடியாது. ஆகஸ்ட் 23 அன்று பம்பாய்க்கு ரயில். திரும்பி வர டிசம்பர் ஆகும்.

ஆதம்பாக்கத்தில் இருந்த என் மனைவியின் அண்ணன்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னார். ராயப்பேட்டையில் ஒரு ஜவுளி வியாபாரி. இரண்டு முறை ஹஜ் செய்தவர். தியாகராய நகரில் புதுக்கடை திறக்க இருந்தார். கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவை. மச்சானே என்னை அழைத்துப் போனார்.

ஹாஜியார் என் கையெழுத்தைப் பார்த்தார். பிடித்துவிட்டது.

"ஆகஸ்ட் பதினாறு கடை தொறக்கிறேன். அன்னிக்கே வந்துடணும். நடுவுல ஊரு, கல்யாணம்னு லீவு கேக்கக் கூடாது. அப்படி எதுனா கீதா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

வெளியே வந்ததும் மச்சான் தோளில் தட்டினார். "கரெக்டா சொன்னே மச்சான். மொதல்ல சேந்துடு, அப்பால பேசிக்கலாம். ஹஜ்ஜுக்குப் போறவனை ஹாஜியாரா தடுப்பாரு?"

அன்றிலிருந்து இருபத்து மூன்று நாள் அந்தப் பொய்யோடு இருந்தேன். மயிலாப்பூர்ப் பள்ளிவாசலில் தினமும் மாலையில் அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். என்ன கேட்டேன்? நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று கேட்டேன். என் பொய்யைக் காவல் காக்கச் சொல்லி அல்லாஹ்விடமே மன்றாடியிருக்கிறேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

நோன்புப் பெருநாள் கழிந்தது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம் அல்லவா? அம்மா தெருவில் ஒரு வீடு விடவில்லை. ஆகஸ்ட் 11, புதன்கிழமை மாலை, துப்பட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ராயப்பேட்டை போறேன். ஹாஜியார் ஊட்டம்மாகிட்ட சொல்லணும்."

"அந்த வீடு வேணாம்மா."

"இன்னாத்துக்கு வேணாம்? ஒரு நிக்காவுல அந்தம்மாவை நாலு பேரு முன்னால தப்பா பேசிட்டேன். அது மன்னிக்காம நான் அவ்ளோ தூரம் போயி இன்னா பிரயோசனம்?"

"அடுத்த வாரம் போயேன்."

அம்மா மடிப்பதை நிறுத்தினாள். "இன்னாடா மறைக்கிறே?"

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அப்போ நம்ம ரெண்டு பேருக்குமே அந்த ஊட்டுல மன்னிப்பு கேக்குற வேலை கீது. நீ மொதல்ல போயிட்டு வா."

மறுநாள் மதியம் லுஹர் தொழுதபின் இரண்டு ரக்அத் அதிகம் தொழுதேன். துஆவை மாற்றிக் கேட்டேன். "யா அல்லாஹ், வேலை கேட்கவில்லை. அவர் முன்னால் என் வாய் திறக்கட்டும். அம்மா போய்ச் சேரட்டும்." இவ்வளவுதான்.

ராயப்பேட்டைக்கு நடந்தே போனேன். ஹாஜியார் தனியாக இருந்தார். பிப்ரவரியில் பதிவு செய்தது, ஜூலை 20 அன்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் தேதியோடு சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது என் தைரியம் அல்ல. என் தைரியத்தின் அளவு எனக்குத் தெரியும்.

"இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"பயந்துக்கினு இருந்தேங்க."

"அடுத்த வருஷம் இட்டுக்கினு போயேன். மக்கா எங்கயும் ஓடிப் போயிடாது."

"அம்மாவுக்கு அறுபத்தாறு வயசுங்க."

"எங்கம்மா எழுபத்தஞ்சுல போனாங்க." அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கஃபாவின் படம் மாட்டியிருந்தது. "சரி, போயிட்டு வா. கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். துஆவுல நம்மளையும் நெனச்சுக்கோ."

அம்மா அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் வந்தாள். அவளுக்கு மன்னிப்புக் கிடைத்தது.

அந்த வேறு ஆள் யார் என்பதை ஆகஸ்ட் 23 அன்று ரயிலடியில் என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அவள் அண்ணன். அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். கடை திறந்த நாளிலிருந்து அவர்தான் அங்கே போய்க்கொண்டிருந்தார். பெட்டியை ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"நான் போவலேன்னா வேற எவனாச்சும் போயிருப்பான் மச்சான்" என்றார்.

என் மனைவியும் மகளும் நான் திரும்பும்வரை அவர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். நான் பார்க்க வேண்டிய வேலையின் சம்பளத்தில் அவர் போட்ட சோற்றை நாலு மாதம் சாப்பிட்டார்கள். நான் அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

ஹஜ்ஜின் முக்கிய நாளில், அரஃபாத் மைதானத்தில் அம்மா பகலெல்லாம் நின்றாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. மாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொண்டாந்து சேத்துட்டே நைனா" என்றாள். ஹாஜியாருக்காகவும் துஆ கேட்டாள். மச்சானுக்காகவும் கேட்டாள். நான் உதட்டளவில் ஆமீன் சொன்னேன்.

டிசம்பர் 4, சனிக்கிழமை, மதராஸ் வந்து சேர்ந்தோம். பிப்ரவரிவரை வேலை இல்லை. பிறகு மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்தும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

1949 மே 19, வியாழக்கிழமை, லுஹர் நேரத்தில் அம்மா காலமானாள். இரண்டே நாள் காய்ச்சல். அந்த வருஷத்துக் கப்பல் எதுவும் அப்போது பம்பாயிலிருந்து புறப்பட்டிருக்கவில்லை.

ஜனாஸாவுக்கு ஹாஜியார் வந்திருந்தார். என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். அன்று அவர் சொன்னது சரிதான். மக்கா எங்கும் ஓடிப் போகவில்லை.

மச்சான் மேல் எனக்குள்ள கசப்பு இன்னும் தீரவில்லை. தீர்ந்தது என்று எழுதினால் இது இரண்டாவது பொய்யாகிவிடும். அதற்காகவும் தினமும் கையேந்துகிறேன். முதலில் கேட்ட துஆ மறுக்கப்பட்டதற்காக அல்ஹம்து லில்லாஹ். கடைசியில் கேட்டது கிடைத்ததற்காகவும் அல்ஹம்து லில்லாஹ். உங்களில் எவருக்காவது ஒரு மனிதனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்திருந்தால், அந்தத் தொண்டை திறக்க அல்லாஹ்விடம் கேளுங்கள். திறப்பான். வேலை போகலாம். எனக்குப் போனது. ஆனால் என் அம்மாவைக் கபரில் இறக்கியபோது, அவளுக்கு நான் பாக்கி வைத்த பயணம் எதுவும் இல்லை.