பிணங்களின் நடைவேகம்

பிணத்துக்கு ஞாபகசக்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்பார்கள் என நான் கனவிலும் நினைத்ததில்லை. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். ஆனால் விளாங்குடியில் எங்கள் வீட்டு டிவியில், ஒரு வீடியோ கேமின் செட்டிங் பக்கத்தில், அந்தக் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஜாம்பி, அதாவது எழுந்து அலைகிற பிணம், ஓட வேண்டுமா, நடக்க வேண்டுமா, தள்ளாட வேண்டுமா? காது கூர்மையா, மந்தமா? ஒருமுறை நம்மைப் பார்த்துவிட்டால் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டும்? ஊரில் மொத்தம் எத்தனை பேர்? என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

ஏன் அந்தத் திருட்டுத்தனம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் என் அத்தை மகன். கப்பலூரில் ஒரு பட்டறையில் இருபது வருடமாக லேத் மெஷின் ஓட்டுகிறவர். சுழல்கிற இரும்பை மயிரிழை கணக்காகக் கடைந்து இறக்கும் கை அவருடையது. போன வருடம் நான்குவழிச் சாலையில் குறுக்கே ஓடிவந்த ஆட்டுக்காகப் பிரேக் போட்டு, பைக்கோடு விழுந்தார். வலது மணிக்கட்டில் பைக் கண்ணாடியின் சில்லு இறங்கி நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். நரம்பு மெதுவாகத்தான் வளரும், விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மற்ற விரல்கள் வழிக்கு வந்தன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஆனால் தெருவில் யார் விசாரித்தாலும், "சரியாயிருச்சுண்ணே, சும்மா ரெஸ்ட்டுல இருக்கேன்" என்பார். அப்படி ஒரு ரோசம்.

பிசியோதெரபி செய்கிறவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். ஒரு வாரம் அமுக்கினார். எட்டாம் நாள், "நான் என்ன பச்சப்புள்ளயா, பந்து வச்சு விளையாட?" என்று பீரோவுக்கு மேலே எறிந்துவிட்டார். கோவைக்கு வேலைக்குப் போன எங்கள் மகள்தான் போனில் வழி சொன்னாள். அவளுடைய வீடியோ கேம் பெட்டி இங்கேதான் கிடந்தது. "அம்மா, கையில பிடிக்கிற அந்த கன்ட்ரோலர்ல அடிக்கிறதுக்கு வலது ஆள்காட்டி விரல், திரும்புறதுக்கு வலது பெருவிரல். அப்பாவுக்கு அந்த ரெண்டுக்குத்தான வேலை குடுக்கணும்?"

ஆட்டம் ரொம்பச் சுலபமாகப் புரிந்துவிடும். ஊரே செத்து, செத்ததெல்லாம் எழுந்து அலைகிறது. நாம் ஒருவர்தான் மிச்சம். சாப்பாடு தேடி, ஜன்னலுக்குப் பலகை அடித்து, வருகிற பிணங்களைச் சாய்த்து எத்தனை நாள் உயிரோடிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. பந்தை எறிந்த மனிதர் இதில் உட்கார்ந்தார். ஒரு நிமிடத்தில் செத்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி செத்தார். மூன்றாம் நாள் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு எழுந்தார். "எடுத்து வை இந்தக் கருமத்த. பொணங்கூட என்னைய மதிக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போனதும் அழுகை வந்தது. பந்தும் போய் இதுவும் போனால் அந்த இரண்டு விரலும் அப்படியே நின்றுவிடும், அவரும் அவற்றோடு உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கணக்கு வராத பிள்ளைகளுக்கு வருடத்தின் முதல் தேர்வுத் தாளை வேண்டுமென்றே சுலபமாக எடுப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஐம்பதுக்கு நாற்பது வாங்கியவுடன் அதுகள் நிமிர்ந்து உட்காரும் அழகே தனி. அந்த மருந்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

மருந்து வேலை செய்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி உட்காரவைத்தேன்; அன்று சாயங்காலமே அவர் ஒரு நாள் முழுக்கப் பிழைத்தார். ஆட்டத்து நாளைச் சொல்கிறேன். அப்புறம் மூன்று நாள், ஏழு நாள். காலி வீடு ஒன்றைப் பிடித்து மொட்டைமாடியில் முட்டைக்கோஸ் போட்டார். "ஏ புள்ள, இன்னைக்கு அஞ்சு பேரைச் சாச்சுட்டேன்!" என்று வாசல்வரை வந்து சொல்வார். பிணங்களோ ரேஷன் கடையில் நிற்கிற கிழவர்கள் மாதிரி ஆடி அசைந்து வந்தன. ஒன்று அவரைப் பார்த்து நாலடி வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்றே மறந்து திரும்பிப் போனது. "பாத்தியா, பயந்துட்டான்" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

தினமும் இரண்டு மணி நேரம் அந்த விரல்கள் வேலை செய்தன. முன்னேற்றமும் இருந்தது. ஒருநாள் குழம்புக் கரண்டியை வலது கையில் எடுத்தார். ஆனால் அதில் கை எவ்வளவு, என் சித்துவேலை எவ்வளவு என்று எனக்கே தெரியாது. நானே தாளைச் சுலபமாக்கிவிட்டு மதிப்பெண்ணைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் இருபது நாள் பிழைத்த மறுநாள் சனிக்கிழமை. காலையில் பட்டறை முதலாளிக்கு அவராகவே போன் போட்டார். "அண்ணே, கை நல்லா வந்துருச்சு. திங்கக்கிழமை மெஷினுக்கு வாரேன்."

ஆத்தாடி! தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். லேத் என்ன டிவியா? பிடி ஒருமுறை நழுவினால் சுற்றுகிற இரும்பு மிச்சமிருக்கிற விரலையும் வாங்கிவிடும். அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் சோற்றில் மறைத்தவளுக்கு எப்படி வரும்? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எல்லா அளவையும் பழைய இடத்துக்கே ஏற்றிவைத்தேன். ஆட்டமே அவருக்குச் சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் செய்த கோழைத்தனங்களில் முதலிடம் அதற்குத்தான்.

வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடத்தில் செத்தார். சிரித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். நான்காவது முறை செத்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே புள்ள. ஒரே நாள்ல செத்துப்போச்சா?"

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். முகம் வெளிறி, உதடு காய்ந்து.

"மாமா, கைக்கு ஒண்ணும் ஆகல. நாந்தான் அதைச் சுலபமா வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் பழையபடி மாத்துனேன்."

"எம்புட்டு நாளா?"

"நீங்க ஆட ஆரம்பிச்ச நாலாம் நாள்ல இருந்தே."

"அப்ப அந்த இருபது நாளும் பொய்யி." கன்ட்ரோலரைத் தள்ளி வைத்தார். "ஒன் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல என்னையும் உக்கார வச்சுட்ட, இல்ல?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் வந்து பேசாமல் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பேச்சில்லை. கறிக்குழம்பு வைத்தேன், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கும் பொறுமைக்கு ஓர் அளவுண்டு.

"திட்டணும்னா திட்டுங்க மாமா. நாளைக்கு அந்தக் கைய மெஷினுக்குள்ள விட்டுட்டு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்? வாயத் தொறந்து பேசுங்க!"

தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவி வந்தார். "அந்த அளவெல்லாம் எங்க இருக்கு? காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு வரியையும் என்னிடம் அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தார். அப்புறம் திட்டினார். ஆனால் நான் எதிர்பார்த்த திட்டு அல்ல.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொறச்சிருக்க. அப்புறம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கூட்டிருக்க. லேத்துல இப்படிப் பண்ணுனா டூலும் ஒடையும், சாமானும் வீணாப் போகும். ஒண்ண மட்டும் மாத்தணும். கொஞ்சம் வெட்டணும், நிறுத்தி அளக்கணும். அப்புறந்தான் அடுத்தது. நீயெல்லாம் என்ன கணக்கு டீச்சரு?"

பத்தாம் வகுப்பே பார்த்து நடுங்குகிற நான் மாணவி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோனார். எண்ணிக்கையை மட்டும் ஒரு படி ஏற்றி ஆடினார். மறுபடி இறக்கிவிட்டு, வேகத்தை மட்டும் ஏற்றினார். நடுநடுவே நிறுத்தி விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. "வேகமா வந்தாச் சமாளிக்கிறேன். பெருவிரல் பரவால்ல, திரும்புது. கூட்டமா வந்தாத்தான் போகுது. பத்துத் தடவை அழுத்துனா ஆள்காட்டி விரலு மரத்துப்போகுது." சரியாயிருச்சு என்பதும் இல்லாமல், செத்துப்போச்சு என்பதும் இல்லாமல், தன் கையைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். இதைக் கண்டுபிடிக்க விடாமல் இத்தனை நாள் குறுக்கே நின்றது நான்தான் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கை இன்னும் சரியாகல."

அந்த வார்த்தையை அவர் வேற்று மனிதரிடம் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். "மெஷினைத் தொட மாட்டேன். பத்துத் தடவைக்கு மேல ஒரு விரலு கேக்கல. வேற சோலி ஏதாச்சும் இருந்தா வாரேன்."

"அடப்பாவி, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார் முதலாளி. "கடஞ்சு வர்ற சாமானை அளந்து பாக்க ஆளில்லாம லோல்பட்டுக்கிட்டு இருக்கேன். கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"கண்ணுக்கென்னண்ணே, கழுகுக் கண்ணு."

திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு கிளம்பினார். அளக்கிற வேலை, அரை நாள். மத்தியானம் வீடு வந்து பந்தையும் அமுக்கினார், பிணங்களையும் சாய்த்தார். வாரத்துக்கு ஒரு படி, ஒரே ஒரு படி. "நீ தொடாத" என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. சில வாரம் ஏற்றியதை இறக்கவும் செய்தார். அதற்காக முகம் வாடவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா அளவையும் ஆட்டத்தின் வழக்கமான இடத்துக்கு அவரே ஏற்றினார். ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் செத்துக்கொண்டிருந்த அதே அளவு. பிணங்கள் ஓடிவந்தன. காது கேட்டது, ஞாபகம் இருந்தது, கூட்டம் கூட்டமாக வந்தன. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் சுவர் ஓரமாக ஓடினார், திரும்பினார், அடித்தார், மறுபடி ஓடினார். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் வளைத்துப் பிடித்துக் கடித்துக் குதறிவிட்டன.

"அய்யய்யோ மாமா" என்றேன்.

அவர் திரையில் நின்ற நேரத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டு நிமிஷம் புள்ள. நெசமான எட்டு நிமிஷம்."