ஃபர்ஸ்ட் கிளாஸ் டஸ்ட்

பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவனைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லிவிடலாம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஒரு வசதி என்று நினைத்தேன். நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதித்து, வேலையின் வாசத்தையும் சேர்த்து வீட்டுக்குத் தூக்கிப் போகிற மீன்காரர், பெயின்டர், சாணி அள்ளுகிறவர் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து படிக்கலாம்.

கொய்யா மரத்து யூனிஃபாரம்

நான் பிறவிப் பெட்ரோல்காரன் இல்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் தூள் சலித்தவன். தேயிலை விலை விழுந்தபோது முதலில் ஓவர்டைம் போனது, பிறகு போனஸ் போனது, கடைசியில் ஃபேக்டரியே போனது. அதே ரோட்டில் இருந்த ஹாஜியாரின் பங்கில் ஆள் கேட்டார்கள். சல்லடையை விட்டுப் பெட்ரோல் பைப்பைப் பிடித்தேன்.

வீட்டுக்கு மிச்சம் இருந்தது என் மனைவி மகேஸ்வரியின் பெயரில் இருக்கும் அரை ஏக்கர் தேயிலை. அவள் குடும்பம் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. இங்கே எல்லோரும் இலை என்று சொன்னாலும் அவளுக்கு அது கொழுந்துதான். அந்தக் கொழுந்தைச் சொசைட்டி ஃபேக்டரி வாங்கிக்கொண்டிருந்தது. விலை விழுந்ததும் அவர்களுக்குத் திடீரென்று தரத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. மூன்று முறை மூட்டை திரும்பினால் கொழுந்து போடும் கார்டு ரத்து. எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை திரும்பியிருந்தது, ஒரு முறை முத்தல் என்று, இன்னொரு முறை ஈரம் என்று. அந்தக் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

கொழுந்துக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். ஃபேக்டரியில் நாங்கள் வெங்காயம்கூடக் கொண்டுபோக முடியாது. எனவே நான் பங்கில் சேர்ந்த அன்றே என் யூனிஃபாரம் வீட்டுக்கு வெளியே கொய்யா மரத்துக்குக் குடிபோனது. தோட்டத்தில் கால் வைக்கவும் எனக்குத் தடை. ஒருநாள் மூட்டை தூக்க உதவப் போனவனை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டாள். "நீங்க சம்பாரிக்கிற வாசம் உங்களோடயே இருக்கட்டுங்க. எங் கொழுந்துக்கு வேணாம்."

இறக்கம்

விலை விழுந்த வருஷங்களில் எங்கள் ஊர் எண்ணெயைக் கண்ணீரைப் போலச் செலவழித்தது, தவிர்க்க முடியாதபோது மட்டும். எங்கள் ஊரில் பெட்ரோலும் எண்ணெய்தான், டீசலும் எண்ணெய்தான். அரை லிட்டர் போடச் சொல்லிவிட்டு, பைப்பில் தொங்கும் கடைசிச் சொட்டு விழும்வரை வண்டியை நகர்த்தாமல் நிற்பார்கள். சிலர் பைப்பை லேசாகத் தட்டியும் பார்ப்பார்கள்.

ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிற பாபு ஒரு படி மேலே போனான். மேட்டின் உச்சிக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவான். அங்கிருந்து பதினான்கு பேரும் இரண்டு ஆடும் சத்தமில்லாமல் இறங்கி வருவார்கள். வளைவில் ஹாரன் அடிப்பதற்குப் பதிலாக முன்சீட்டுக்காரர் கத்துவார். பிரேக் பிடிக்காவிட்டால் என்னப்பா செய்வாய் என்று கேட்டேன். பாபு டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்: "எண்ணெய் ஏத்தத்துக்கு மட்டுந்தானுங்க. எறக்கத்துக்குச் சாமி இருக்குது."

தொப்பிக்காரர்

இப்படி நாங்கள் சொட்டு எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஜனவரியில், தொப்பி போட்ட ஒருவர் பங்குக்கு வந்தார். கோயமுத்தூர்க்காரர். மலையில் கார் பந்தயம் நடத்தப் போகிறார்களாம், ரோடு பார்க்க வந்திருக்கிறார். கூடவே கேமரா மாட்டிய ஒருவர். பைன் காட்டுப் பக்கம் தார் ரோடு ஒன்று இருக்கிறது, மூடிய எஸ்டேட் வழியாக மண் ரோடு ஒன்று இருக்கிறது. எதை எடுப்பது என்று இருவருக்கும் பேச்சு.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்து, "ஏங்க, அந்த எஸ்டேட் பக்கம் டஸ்ட் எப்படி?" என்று கேட்டார்.

பதினோரு வருஷம் டஸ்ட் சலித்தவனிடம் ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. டீத்தூளில் பொடியாக வருவதுதான் டஸ்ட். டீக்கடைகளில் கொதிப்பது அதுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "ஃபர்ஸ்ட் கிளாஸ் டஸ்ட்டுங்க. நைஸா இருக்கும். இந்த மாவட்டத்துலயே இது மாதிரி கெடைக்காது" என்றேன்.

"மழை பெஞ்சா?"

"மழக்காலத்துல கொஞ்சம் மட்டந்தானுங்க. இப்பப் பனி வுழுந்து வெயில் அடிக்குது பாருங்க, டஸ்ட்டுக்கு இதுதான் சீசன்."

கேமராக்காரர் முகம் மலர்ந்தது. தொப்பிக்காரர் கையிலிருந்த வரைபடத்தில் மண் ரோட்டின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அந்த ரோட்டோரத்தில்தான் எங்கள் அரை ஏக்கர் இருக்கிறது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு அவர் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். "டஸ்ட்டப் பத்தி இவ்வளவு பெருமையாப் பேசுற ஊர நான் பார்த்ததே இல்லைங்க."

கிளம்பிய இடம்

பந்தயத்துக்கு முந்தைய நாள் கார்கள் வந்தன. உடம்பெல்லாம் ஸ்டிக்கர். புகைக்குழாயில் வெடிச்சத்தம். ரோட்டைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று மேலே போவார்கள், கீழே வருவார்கள், மறுபடியும் மேலே போவார்கள். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து ஃபுல் டேங்க் என்பார்கள். ஃபுல் டேங்க் என்ற வார்த்தையை நான் அந்த பங்கில் கேட்டதே அன்றுதான். ஒரு காருக்கு எண்ணெய் போடும்போது மூடியைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்தது. ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பாபுவும்தான் தரையைப் பார்த்தோம்.

பாபுவுக்குப் பொறுக்கவில்லை. இதில் எத்தனை பேர் போவார்கள் என்று என்னைக் கேட்டான். இரண்டு பேர் என்றேன். மூட்டை முடிச்சு? ஒன்றுமில்லை. எங்கே போகிறார்கள்? எஸ்டேட்டைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வருவார்கள் என்றேன். பாபு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பறம் எதுக்குங்க கெளம்பறாங்க?"

பரிகாரம்

தொப்பிக்காரர் கெட்டவர் இல்லை. கார் விடும் புகைக்குப் பரிகாரமாகக் காருக்கு ஒரு மரக்கன்று என்று கணக்குப் போட்டு, கோயமுத்தூரிலிருந்து ஒரு லாரி நிறையக் கொண்டு வந்திருந்தார். மண் ரோட்டின் வளைவுகளில் நட்டார்கள். பசுமை காப்போம் என்று பேனரும் கட்டினார்கள். பேனரைக் கட்ட இடைஞ்சலாக இருந்த இரண்டு கிளைகளை மட்டும் வெட்டினார்கள். வளைவில்தான் கார்கள் ஒதுங்கும் என்பதை நட்டவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மறுநாள் இரண்டாவது சுற்று முடிந்தபோது பேனர் மட்டும் நின்றது.

எங்கள் முதலாளி ஹாஜியார் ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக்கடையும் வைத்திருப்பவர். எதையும் தராசில் வைத்துத்தான் பார்ப்பார். கன்று கொண்டுவந்த லாரி திரும்பிப் போகும்போது நம்மிடம்தான் டீசல் போட்டது என்று கல்லாவிலிருந்தே எனக்கு ஞாபகப்படுத்தினார். "காருக்கு ஒரு செடி வெச்சாங்க, சரி. செடி வந்த லாரிக்கு எவன் செடி வெப்பான்?"

பாயோடு வந்தவர்கள்

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. மண் ரோட்டு முனையில் ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று போர்டு வைத்திருந்தார்கள். பந்தயக்காரர்கள் பாஷையில் ரோட்டை அடைத்து ஓட்டும் துண்டுக்கு அப்படிப் பெயராம். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் சனங்களுக்கு ஸ்டேஜ் என்றால் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஸ்பெஷல். காலையிலேயே பாய், கடலை, கைக்குழந்தைகளோடு வந்து, கண்ணுக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசைக்குச் சண்டைகூட நடந்தது. விசில்காரர் ஒருவர் வந்து அத்தனை பேரையும் மேட்டில் ஏற்றி விட்டார்.

முதல் கார் போனது. பிறகு அரை நிமிஷத்துக்கு எதையும் காணவில்லை, மேட்டையும் காணவில்லை. புழுதி அடங்கியபோது எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தோம். பாயை உதறிக்கொண்டே ஒரு பாட்டுக்காரி அக்கா எழுந்தாள். கோயில் விசேஷத்தில் எல்லாம் முதலில் மைக் பிடிக்கிறவள் அவள்தான். "ஸ்டேஜுன்னீங்க, தெரயை மட்டும் எறக்கிட்டுப் போறீங்களே!"

சொன்ன மாதிரியே

மகேஸ்வரி மேட்டுக்கு வரவில்லை. எங்கள் தேயிலை ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் எங்களுக்குக் கொழுந்து போடும் முறை. பத்து நாள் காத்திருந்து, பனிக்குத் தப்பி வந்த தளிர். ஒவ்வொரு கார் போகும்போதும் சிவப்புப் புழுதி எழும்பி, யோசித்து, மெதுவாக வந்து செடிகளின் மேல் உட்கார்ந்தது. அவள் முந்தானையை எடுத்து முதல் வரிசையைத் தட்டிவிட்டாள். இரண்டாவது வரிசைக்குப் போவதற்குள் அடுத்த கார் வந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டாள். 

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. யார் இந்த ரோட்டைக் காட்டிக்கொடுத்தது என்று மகேஸ்வரி என்னிடம் கேட்டாள். தெரியவில்லையே என்று சொல்ல நான் வாயைத் திறந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. கேமராக்காரர் கும்பிட்டார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஆட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே டஸ்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க!"

சும்மாடு

  திங்கள் காலையில் பக்கத்து வீடுகளிலிருந்து மருந்தடிக்கும் டேங்குகளை வாங்கி, கழுவிக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, மகேஸ்வரியும் நான்கு பெண்களும் அரை ஏக்கரையும் குளிப்பாட்டினார்கள். வெயிலில் ஈரம் உலரும்வரை காத்திருந்து, பிறகு கிள்ளினார்கள். நான் லீவு போட்டு, சோப்புத் தேய்த்து இரண்டு முறை குளித்து, பெட்டியிலிருந்த கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன். நான்கு மூட்டை தேறியது. சொசைட்டி லாரி வரும் சத்தம் கேட்டது. தூக்க ஆள் போதவில்லை. மகேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள், மூக்கால் ஒரு முறை பார்த்தாள், கடைசி மூட்டையைக் காட்டினாள்.

மூட்டை தூக்கச் சும்மாடு வேண்டுமல்லவா? வேலியில் மாட்டியிருந்த என் பையில் கையை விட்டேன், துண்டு கிடைத்தது, சுற்றித் தலையில் வைத்தேன். அவள் என்னை நம்பி ஒரு மூட்டை கொடுத்த சந்தோஷத்தில் லாரி நிற்கும் இடம்வரை கிட்டத்தட்ட ஓடினேன்.

கொழுந்து பார்க்கிறவர் நஞ்சண்ணன். என்னோடு பழைய ஃபேக்டரியில் இருந்தவர், சொசைட்டிக்குப் போய்விட்டவர். வெள்ளைத் துணியில் கொழுந்தைத் தேய்த்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. மகேஸ்வரி அப்போதுதான் மூச்சு விட்டாள். முதல் மூட்டை, இரண்டு, மூன்று, எல்லாம் ஏறின. நான்காவதில் கையை விட்டு முகர்ந்தவர் மறுபடியும் முகர்ந்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். நானும் துண்டை எடுத்துப் பார்த்தேன். பங்கில் ஒரு வருஷமாகக் கை துடைக்கும் துண்டு.

நஞ்சண்ணனுக்கும் மனசில்லை. லாரியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். "புழுதின்னா நானே ஒதறிட்டு ஏத்திப்பேன் மகேஸ்வரி. இது பெட்ரோலு. மொத்தத் தூளும் கெட்டுப்போகும்" என்றார் நஞ்சண்ணன். மூட்டை இறங்கியது, இது மூன்றாவது முறை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கார்டு லாரி ஏறியது. எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அதன் பிறகு எங்கள் கொழுந்து, எதையும் முகராமல் கிடைத்த விலைக்கு வாங்கும் ஏஜென்டிடம் போகிறது. மகேஸ்வரி வாரத்தில் நான்கு நாள் கேத்தியில் காரட் கழுவப் போகிறாள்.

அன்று லாரி கிளம்பும் முன் நஞ்சண்ணன் மெதுவாக, பந்தயக்காரர்கள் மேல் ஒரு மனு எழுதிக் கொடேன் என்று சொல்லிப் பார்த்தார். மகேஸ்வரி மூட்டையின் வாயை அவிழ்த்து, கொழுந்தை ரோட்டோரத்தில் கொட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "புழுதி போட்டவங்க ஊருக்குப் போயிட்டாங்கண்ணே. பெட்ரோல் போடறவரு எங்க ஊட்டுக்காரருதான்."

இப்போதெல்லாம் யாராவது பங்கில் வண்டியை நிறுத்தி டஸ்ட் எப்படி என்று கேட்டால், எந்த டஸ்ட் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன்.