தொண்ணூறாவது நாள்

காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் விரிகுடாவில் நாற்பது படகுகள் நாலா பக்கமும் சிதறின. ஒன்பதுக்கு மறுபடி ஊதும். அதற்குமேல் ஒரு கொக்கிக்கம்புகூடத் தண்ணீரில் இருக்கக் கூடாது. பாறையில் ஒட்டிக் கிடக்கும் அவாபிச் சிப்பியை எடுக்க அந்த வருடத்தின் கடைசி அனுமதி நாள். நாளை முதல் புத்தாண்டு வரை துறைமுகம் மூடிவிடும்.

கினுயோவுக்கு ஒரே ஒரு அவாபி போதும். மீனவர் கூட்டுறவில் முழு உறுப்பினராக இருக்க, வருடத்துக்குத் தொண்ணூறு நாள் தொழில் செய்திருக்க வேண்டும். எடைமேடையில் ஏதாவது வைத்தால்தான் அது ஒரு நாளாகக் கணக்கில் ஏறும். அவளிடம் எண்பத்தொன்பது இருந்தன. உரிமை போனால் பாறையும் இல்லை, பாசியும் இல்லை. பிறர் கொட்டகையில் கூலிக்குப் பாசி கழுவலாம்.

அவள் கடற்கரையில் பிறந்தவள் அல்ல. மலையில் கரி சுடும் வீட்டிலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டாள். முப்பத்தைந்து வருடம் துடுப்பு அவளுடையது, கண்ணாடிப் பெட்டி கணவன் மோகிச்சியுடையது. அடியில் கண்ணாடி பதித்த அந்தப் பெட்டியை நீரில் அழுத்தி, அதன் குறுக்குக் கட்டையைப் பல்லால் கவ்வியபடி அவன் கடலடியைப் பார்ப்பான். இரு கைகளும் ஏழு மீட்டர் கொக்கிக்கம்பைப் பிடித்திருக்கும். அவன் இறந்த பிறகுதான் அவள் அதற்குள் எட்டிப் பார்த்தாள். மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டாள். நன்றாக என்று சொல்ல முடியாது, போதுமான அளவுக்கு.

நவம்பரில் படகுச் சரிவில் வழுக்கி விழுந்ததில் முன்பற்கள் நான்கு போயின. கூடவே பதினைந்து நாளும். புதிய பல்செட்டால் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துப் பார்த்தாள், ஒட்டும் அரிசிப் பண்டத்தைக் கடித்து இழுத்துப் பார்த்தாள். பெட்டியைக் கடித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

இன்று அதுவரை கிடைத்த இரண்டு அவாபியும் சட்ட அளவான ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தவை. அளந்து திருப்பிப் போட்டிருந்தாள். எட்டேகாலுக்கு ஓர் அலை பெட்டியைக் கவிழ்த்தது. கட்டையோடு பல்செட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. பெட்டியை நிமிர்த்திப் பார்த்தபோது பல்செட் வெள்ளையாகச் சுழன்று பாசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிற? கடல் கசக்குதா?" பக்கத்துப் படகிலிருந்து டொகுசோ கத்தினான்.

"பல்லு போச்சுடா."

சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தினான். எண்பத்தொன்பது ஊருக்கே தெரியும். தன் கூடையிலிருந்து ஓர் அவாபியை எடுத்து அவள் படகில் எறிந்தான்.

"பேசாம வெச்சுக்க. யாரு கேக்கப் போறா?"

கைமாறியது தெரிந்தால் இருவர் உரிமையும் போகும். கினுயோ அதை ஒரு நொடி அதிகமாகவே கையில் வைத்திருந்தாள். நல்ல கனம். பிறகு திருப்பி எறிந்தாள்.

"உனக்கு மூணு புள்ளைங்க இருக்கு. கிறுக்கா, வேலையைப் பாரு."

இதற்கு நேர்மை என்று பெயர் வைக்க வேண்டாம். கண்காணிப்புப் படகு தென்முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்ததை அவளும் பார்த்திருந்தாள்.

தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டையில் சுற்றினாள். ஈறு இன்னும் ஆறவில்லை. கவ்வினாள். கண்ணில் நீர் முட்டியது. கடலடி கலங்கித் தெரிந்து, மெல்லத் தெளிந்தது.

ஒன்பதுக்கு நான்கு நிமிடம் இருக்கையில், பாசி விலகிய இடத்தில் ஒரு கறுத்த விளிம்பு. கொக்கி தவறிப் பட்டால் அவாபி பாறையை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் கம்புதான் முறியும். காலால் துடுப்பை அசைத்துப் படகை நிறுத்தினாள். அலை ஏறியது. பொறுத்தாள். வாயில் உப்போடு வேறொரு சுவை. அலை இறங்கியது. இழுத்தாள்.

கைமாற்றிக் கைமாற்றிக் கம்பைத் தூக்கிப் படகில் கிடத்தினாள். அவாபியின் மேல் அளவுச் சட்டத்தை வைப்பதற்குள் சங்கு ஊதியது.

எடைமேடையில் கூட்டுறவு ஊழியன் ஹெய்சாகு இரண்டு முறை அளந்தான். "ஒன்பதும் ரெண்டு மில்லியும். ஒண்ணேதானா, மதினி?"

"ஒண்ணுதான்."

அவளுடைய நாள் கணக்கு அட்டையில் தொண்ணூறாவது முத்திரை விழுந்தது. "வாயெல்லாம் ரத்தம். பல்லு எங்க?"

"கிழக்குப் பாறைக்கு அடியில. யாரு கொக்கியிலயாவது மாட்டுனா அளந்து பாரு. ஒன்பது இல்லன்னா திருப்பிப் போட்டுடணும்."

மேடையே சிரித்தது. அவளால் சிரிக்க முடியவில்லை, வலித்தது. மூன்று நாளில் புது அட்டை வரும், ஒன்றிலிருந்து தொடங்கும். துண்டைக் கடலில் அலசிப் பிழிந்து, மறுபடி பெட்டியின் கட்டையிலேயே சுற்றி வைத்தாள்.