கொதிக்கும் இன்ஜினில் கழற்றிய சென்சார்

தொண்ணூறுகளின் கடைசியில், தங்கவயலிலிருந்து பூதிகோட்டைக்கு என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் எங்கள் பழைய காரின் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் ஆவி வரவில்லை. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

"அங்க எல்லாரும் காத்துக்கினு இருப்பாங்க, இன்னாங்க இது?" என்றேன்.

"இன்ஜின் நல்லாத்தான் கீது. சூட்ட அளக்குற சென்சார்தான் பொய் சொல்லுது" என்ற என் கணவர், பங்காருபேட்டையில் புது சென்சார் வாங்கினார். கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்து, பழையதைத் திருக ஆரம்பித்தார்.

பின் சீட்டிலிருந்த மாமியார், "டேய், இந்தக் கதவு தொறக்கவே மாட்டேங்குதுடா!" என்று கத்தினார். கணவர் நிமிர்ந்து திரும்பினார். அதே நொடியில் சென்சார் தெறித்து, கொதிநீர் பீய்ச்சி அடித்தது. சற்று முன் அவர் முகம் இருந்த இடம் அது! விரல்கள் மட்டும் வெந்தன.

முள் காட்டியது பொய்தான். ஆனால் ஓடிவந்த இன்ஜினுக்குள் தண்ணீர் சூடாகத்தானே இருக்கும்? அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆறவிட்டு, புதியதை மாட்டி, தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்வதற்குள் தட்டு மாற்றி முடித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் ஸ்பேனர் பை என் மடியில்தான் இருக்கும். இன்ஜின் நன்றாக ஆறும்வரை, எவ்வளவு அவசரமானாலும் அவரிடம் கொடுப்பதில்லை.